கோழிக்கொண்டைப் பாத்தி

கோழிக்கொண்டைப் பூவின் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேருக்குத்தான் ஊற்ற வேண்டும். கொண்டையின் மடிப்புகளில் நீர் தங்கினால் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். வெளியே பட்டுப்போலத் தெரிகிற பூ, விரல் பட்டதும் கூழாக வரும். இதை மாயவனுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உங்கள் லாக்கப்பில்தானே இருக்கிறான், கேட்டுப் பாருங்கள். நினைவிருக்காது. நல்லவன்தான், ஆனால் பூவாளியைக் கையில் கொடுத்தால் கோயில் யானை மாதிரி எல்லார் தலையிலும் ஊற்றிவிட்டுப் போவான்.

அவன் விஷயமாகத்தான் வந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிற ஏட்டய்யாவுக்கு வேகமாக இருந்தால் கையைக் காட்டட்டும்.

என் பெயர் குப்புராஜ். மொரப்பூருக்குப் பக்கத்தில் நொச்சிக்குட்டை ஸ்டேஷனில் மாஸ்டர். அங்கே நிற்கிற வண்டிகளைவிட நிற்காத வண்டிகள்தான் அதிகம். மெயில் வரும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு பச்சைக் கொடியோடு நிற்பேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்; முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். என் அப்பா கம்பைநல்லூர்ப் பக்கம் ஏர் ஓட்டியவர். எங்கள் வம்சத்தில் கையில் மண் படாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்படிப்பட்ட நான் வலியப் போய் மண்ணில் கை வைத்ததற்குக் காரணம், கேடயம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, எந்த ஸ்டேஷனின் பூந்தோட்டம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக் கேடயம் கொடுப்பார்கள். முறுக்குத் தட்டு அளவில் ஒரு மரப்பலகை, நடுவில் பித்தளைத் தகடு. ரயில்வேயின் டிராபிக் துரையும் துரைசானியும், அதிகாரிகளுக்கென்றே ஓடுகிற சலூன் வண்டியில் வந்து இறங்குவார்கள். துரைக்கு முள்ளங்கிக்கும் ரோஜாவுக்கும் உள்ள வித்தியாசம் தட்டில் வைத்தால்தான் தெரியும். தீர்ப்பெல்லாம் துரைசானியின் குடைதான். அந்தக் குடைமுனை எந்தச் செடியைக் காட்டுகிறதோ, அந்தச் செடியின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிடும்.

முப்பத்தேழாம் வருஷம் பெங்களூரிலிருந்து கோழிக்கொண்டை விதை வரவழைத்தேன். ரத்தச் சிவப்பு ஜாதி. முளைத்து வந்ததில் சில செடிகள் மற்றவற்றைத் தாண்டிக் கிடுகிடுவென்று வளர்ந்தன. எனக்கு ஒரே பெருமை. அவற்றுக்கு மட்டும் தனியாகச் சாண எரு வைத்தேன். காற்றில் சாயாமல் குச்சி நட்டுக் கட்டினேன். துரைசானி வந்த அன்றைக்கு அவை என் மார்பளவு நின்றன. உச்சியில் கொண்டையைக் காணோம். வெளிறிய ரோஸ் நிறத்தில், எலிவால் மாதிரி ஒரு கதிர் மட்டும் நின்றது. குடைமுனை நேராக அங்கே போய் நின்றது. "வாட் இஸ் திஸ்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற மாயவன், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், எனக்கு ஒத்தாசை செய்கிற நினைப்பில், "பண்ணைக்கீரைங்க அம்மா. களிக்குக் கடைஞ்சு ஊத்துனா வெகு ஜோரா இருக்குமுங்க" என்றான்.

சலூன் வண்டிச் சமையல்காரன் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் பெயர்த்தான். துரை சிரித்த சிரிப்பில் அவர் சுருட்டு கீழே விழுந்தது. கேடயம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிற்று. அங்கே இருந்தது வெறும் செண்டுமல்லி. எருமைகூட முகர்ந்து பார்க்காத செடி.

அதற்குப் பிறகு ஜோலார்பேட்டை முதல் சேலம் வரை எனக்குப் பெயர் 'கீரை மாஸ்டர்'. வண்டியில் வரும் கார்டுகள் புறப்படும்போது ஒரு கட்டு எடுத்து வைக்கச் சொல்லிக் கையாட்டுவார்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை அனுப்ப லைன் கிளியர் கேட்கும்போது தந்தியிலேயே கீரை என்ன விலை என்று தட்டுவான். நான் யார்மேலும் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது, ஐயா. என் மனைவி சின்னம்மாள் அதற்கு சாட்சி.

தப்பு எங்கே என்று யோசித்தேன். உழவன் மகன், களையை இரண்டு மாதம் சீராட்டி வளர்த்திருக்கிறேன். பண்ணைக்கீரையும் கோழிக்கொண்டையும் ஒரே குடும்பம். முளையில் இரண்டும் ஒன்றுதான். நாலு இலை விட்ட பிறகு குனிந்து பார்த்தால் தெரியும். என் ஜாதிக் கோழிக்கொண்டைக்குத் தண்டின் அடியிலும் இலையின் நடு நரம்பிலும் சிவப்பு ஓடியிருக்கும். பண்ணைக்கு அநேகமாகப் பச்சைதான், இலை ஈட்டி மாதிரி ஒடுங்கி நீளும். அதிலும் சில சிவந்து ஏமாற்றும். ஆகவே விதையை வாரி இறைக்காமல் கயிறு பிடித்து வரிசையில் போட வேண்டும். வரிசைக்கு வெளியே எது முளைத்தாலும் களை. வரிசைக்குள் எது அவசரப்படுகிறதோ, அதுவும் களை. மழை விழுந்ததும் முளைத்து, பூத்து, விதைத்து, அந்த வருஷமே செத்துப்போகிற செடி அது. ஆயுசு குறைவு, அதனால் அவசரம் அதிகம். ஒரு கதிர் முற்றி உதிர்ந்தால் பல வருஷத்துக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். கதிர் விடுமுன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுக்க வேண்டும். இழுத்ததை எருக்குழியில் போடாமல் எரிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதையெல்லாம் செய்தேன். அப்படியும் முப்பத்தெட்டாம் வருஷம் பாத்தியில் பண்ணை எழும்பிற்று. முந்தின வருஷம் நானே எரு வைத்து விதைக்க விட்டதல்லவா.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது உங்களுக்குத் தெரியும். ஆடியில் ஒரு மழை, அதோடு சரி. சுற்றுப்பட்டுக் காடெல்லாம் ராகி முளைத்து, ஒரு சாண் வந்து, அப்படியே சுருண்டது. ஸ்டேஷன் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பச்சை என்றால் என் தோட்டமும் என் கொடியும்தான்.

லைனுக்கு அந்தப் பக்கம் கேங் கூலிகளின் குடிசைகள். அங்கிருந்து பெண்கள் கீரை கிள்ள வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் செல்லி. தண்டவாள வேலை செய்கிற காளியனின் பெண்சாதி. இடுப்பில் கைக்குழந்தை, மடியில் கீரை. ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் எஞ்சின் ஊதல். கம்பி வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். அவள் பின்னால் பக்கத்துக் குடிசைச் சின்னபொண்ணு.

முதலில் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. களை எடுக்கக் கூலி கேட்காத ஆள் என்று எண்ணினேன். பத்து நாளில் பார்த்தால் பாத்தி இன்னும் அடர்ந்திருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். அவள் செடியைப் பிடுங்கவில்லை. நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளினாள். நுனி போனால் பண்ணை பக்கத்துக்குப் பக்கம் கிளைக்கும். ஒன்று கிள்ளிய இடத்தில் நாலு துளிர்க்கும். அவள் என் களையை எடுக்கவில்லை, ஐயா. என் பாத்தியில் விவசாயம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டுச் சொன்னேன். "செல்லி, கிள்ளாதே. வேரோட பிடுங்கு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ."

"வேரோட புடுங்கிட்டா நாளைக்கு என்னத்தைங்க திங்கறது, ஸ்டேசன் ஐயா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீங்க பூவைப் பாருங்க, நாங்க கீரையைப் பாக்கறோம். ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே."

மரியாதையாகச் சொன்ன பதில்தான். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் துரைசானியின் குடை நியாயம் பார்க்காது.

தோட்டத்துப் படலுக்குப் பூட்டுப் போட்டேன். கம்பி வழியாக வந்தார்கள். கம்பியில் இலந்தை முள்ளைக் கட்டினேன்; சாக்கைப் போட்டுத் தாண்டினார்கள். நானும் மாயவனும் பிடுங்கப் பிடுங்க, கோழிக்கொண்டையின் வேரோடு வேர் பின்னிக்கொண்டு அதுவும் சேர்ந்து வந்தது. செல்லியின் கால்பட்டும் இரண்டு வரிசை மிதிபட்டது. நான் சத்தம் போடும் நாளில், சின்னம்மாள் எனக்குத் தெரியாமல் பின்வாசலில் அவளுக்கு உப்பும் மிளகாயும் கொடுத்தனுப்புவாள். கீரை கடைவதற்கு. என் வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி.

இப்போது மருந்து விஷயம். தண்டவாளத்தில் புல் மண்டாமல் இருக்க லைன்காரர்கள் ஒரு மருந்து தெளிப்பார்கள். பாஷாணச் சரக்கு. கேங் கொட்டகையில் பீப்பாயில் இருக்கும். அதன் மேல் மண்டையோடு வரைந்திருக்கும், படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று. அதில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். பூச்சிக்கு என்று சொன்னேன். தகர டின்னைத் தூக்கி வந்தவன் மாயவன். அவன் செய்தது அவ்வளவுதான். உள்ளே என்ன என்று அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பாத்தி ஓரத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தேன். சிவப்பு எழுத்தில், விஷம், தொடாதே என்று. முறைப்படி வைத்தேன். அந்தப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷில்தான் எழுதினேன். ஸ்டேஷனில் எல்லாப் பலகையும் இங்கிலீஷில்தானே இருக்கிறது. மண்டையோடு வரையவில்லை. துரைசானி வருகிற சமயம், பார்வைக்கு நன்றாக இருக்காது என்று பட்டது.

மருந்து ஆளைக் கொல்லும் என்று தெரியுமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மறந்தாலும் சொல்கிறேன். அதற்கு முந்தின மாதம் கேங் மேஸ்திரியின் வெள்ளாடு, லைன் ஓரத்துப் புல்லைத் தின்று, வாயில் நுரை தள்ளி, சாயங்காலத்துக்குள் செத்தது. அந்த ஆட்டுத் தோலைப் பார்சலில் புக் செய்தவனே நான்தான்.

பாத்தி முழுக்கத் தெளித்தால் கோழிக்கொண்டையும் கருகிவிடும். அதனால் ஒரு குச்சியில் பழைய துணியைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, பண்ணைச் செடிகளின் நுனியை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். வளர்ச்சி நுனியில் இருக்கிறது. நுனி செத்தால் செடி செத்தது. ஆமாம், அவர்கள் கிள்ளுவதும் அந்த நுனியைத்தான். அது தோட்டக்கலையில் தற்செயலாக அமைந்த ஒற்றுமை. காலையில் தொடங்கி, பாசஞ்சர் வண்டி போனபின் மறுபடி உட்கார்ந்து, வெயில் சாய முடித்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி சுத்தமான வேலை. மருந்து பட்ட இலை உடனே வாடாது. மறுநாள்தான் கருகும். அன்றைக்குச் சாயங்காலம் பார்க்க எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி மினுமினுத்தன.

அந்தச் சாயங்காலம் செல்லி வந்தாள். தனியாக வந்தாள். சின்னபொண்ணுக்குக் காய்ச்சல். மாயவன் சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றப் போயிருந்தான்.

அன்றைக்குப் படலில் பூட்டு இல்லை. நான் போடவில்லை.

திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். வேலி தாண்டிப் பழகியவளுக்கு வாசல் வழியாக வரக் கூச்சம். "இன்னிக்கு எடுத்துக்கலாமுங்களா, ஐயா?" என்றாள்.

"எடுத்துக்கோ."

"கீரை பளபளன்னு இருக்குதுங்களே."

"தண்ணி ஊத்தினேன்."

"நீங்களே ஊத்தினீங்களா?" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்க கை பட்டதுக்கே இன்னொரு வூட்டுக்கும் சேத்துக் கெடைக்கும்போல இருக்குதுங்க. சின்னபொண்ணு ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலைங்க." குழந்தையை வரப்பில் உட்கார வைத்துவிட்டு மடி நிறையக் கிள்ளினாள். அந்த ஒரு நாள் என் கோழிக்கொண்டை ஒன்றைக்கூட அவள் மிதிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

செல்லி, காளியன், காளியனின் ஆத்தா கருப்பி, சின்னபொண்ணின் புருஷன். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னபொண்ணு காய்ச்சலில் இரண்டு வாய்தான் தின்றாளாம், பிழைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கீரையில் உப்பு நன்றாக ஏறியிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாளாம். செல்லியின் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கீரை தின்கிற வயதில்லை. என் பக்கத்தில் சொல்ல ஏதாவது வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வாந்தி பேதி என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் வெள்ளைப் பொடியைக் கொட்டிவிட்டுப் போனார். அதனால் கொஞ்சநாள் என் கோழிக்கொண்டைக்கு வேறு தண்ணீர் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கேட்டவள் சின்னம்மாள்தான். சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் நின்றுகொண்டு கேட்டாள். "அவங்க அதைக் கிள்ளிச் சாப்புடறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"பலகை வெச்சிருந்தேன்."

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்களே. நானும் ஒரு நாளு அதைக் கிள்ளி உங்களுக்குக் கடைஞ்சு போட்டிருந்தா?"

நம் வீட்டில் கீரை வாங்குவதில்லையே என்றேன். நிஜம்தான். சின்ன வயசில் மூன்று வேளையும் அதைத் தின்று வளர்ந்தவன் நான். வேலை கிடைத்த நாளிலிருந்து வாயில் வைப்பதில்லை. அவள் மூட்டையைக் கட்டினாள். அடுத்த பாசஞ்சரில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். டிக்கெட் கொடுத்தது நான். போகும்போது செல்லியின் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை.

துரைசானி வந்தாள். ஐயா, நீங்கள் அன்றைக்குப் பாத்தியைப் பார்த்திருக்க வேண்டும். சிவப்புக் கம்பளத்தை விரித்து வெட்டிவிட்ட மாதிரி. வரிசை வரிசையாகக் கொண்டைகள், நடுவில் ஒரு பச்சைத் தூசி இல்லை. கூலிகள் குடிசைப் பக்கத்திலும் யாரும் இல்லை, மிச்சம் இருந்தவர்கள் பயந்து ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். துரைசானியின் குடை எங்கும் நிற்கவில்லை. அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, ஒரு பூவைக் கையால் தொட்டாள். கேடயத்தை டிக்கெட் ஜன்னலுக்கு மேலே மாட்டினேன். அடுத்த ஸ்டேஷனிலிருந்து தந்தியில் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தர்மபுரி ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. வாந்தி பேதி எப்படி இரண்டே குடிசையோடு நிற்கும் என்று. சட்டியில் ஒட்டியிருந்த கீரையைச் சென்னைக்கு அனுப்பினார், பாஷாணம் என்று பதில் வந்தது. நீங்கள் வந்தீர்கள். டின்னைத் தூக்கியவன் மாயவன். அவனுக்கும் காளியனுக்கும் ஒரு சேவல் விஷயமாகத் தகராறு வேறு. உங்கள் ஆட்கள் தட்டித் தட்டிக் கேட்டதற்கெல்லாம் ஆமாமுங்க, ஆமாமுங்க என்றிருக்கிறான். அவன் வண்டி வருகிறதா என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வான், வந்தாலும் வராவிட்டாலும்.

நான் அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். அவனுக்காக வருத்தப்பட்டேன். அவன் பெண்சாதி காசியம்மாள் வந்து பிளாட்பாரத்தில் விழுந்து அழுதபோது தண்ணீர் கொடுத்தேன்.

நேற்று விசாரணைக்குத் துரை வந்தார். நீங்களும் கூட இருந்தீர்கள். பாத்தி ஓரத்தில் நின்று நீங்கள் விளக்கிச் சொன்னீர்கள், மாயவன் எப்படி ஒவ்வொரு நுனியாக மருந்து வைத்திருக்க வேண்டும் என்று. துரை கேட்டுவிட்டு, சுருட்டை வாயிலிருந்து எடுத்து, "ராஸ்கல். ஆனால் அற்புதமான தோட்டக்காரன்" என்றார். பிறகு கேடயத்தைக் காட்டி, தகட்டில் என் பெயருக்குப் பதிலாக அவன் பெயரையல்லவா போட்டிருக்க வேண்டும் என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் கண்ணை மூட முடியவில்லை. மனசாட்சி என்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நிரபராதி என் வேலைக்காகத் தூக்கில் தொங்கப் போகிறான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் மிருகம் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வைத்தது நான். படலைத் திறந்து விட்டது நான். எடுத்துக்கோ என்று சொன்னது நான். அது அவர்கள் அடுப்புக்குப் போகும் என்று தெரிந்தே சொன்னேன். அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கிள்ளுவதை நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். மாயவனை இன்றைக்கே விட்டுவிடுங்கள். என்னை நம்பாவிட்டால் அவனையே பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக் கோழிக்கொண்டையில் ஓர் இலைகூடக் கருகாமல் அந்த மருந்தை வைக்க அவனால் ஆகாது, ஐயா. அதற்கு ஒரு கை வேண்டும்.